ஏழு வயதானால் அனுப்பிவிட வேண்டும்

அங்கிலி, மடகாஸ்கர்
12 மார்ச் 1956

அன்புள்ள தோர்டிஸ் அக்காவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் நால்வரும் உயிரோடும், ஓரளவு சுகத்தோடும் இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஓஸ்விக்கில் பனி உருகத் தொடங்கிவிட்டதா?

குசலம் முடிந்தது. இனிச் சண்டை.

மிஷன் பெண்கள் சங்கத்துப் பத்திரிகையின் ஜனவரி இதழ் போன வாரம் லாரியில் வந்து சேர்ந்தது. அதில் என் பெயர் போட்டு ஒரு கடிதம் இருக்கிறது. அதை எழுதியவள் யார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். நான் எழுதியது இது: "சாப்பாட்டு மேஜையின் இரண்டு கால்களைக் கரையான் தின்றுவிட்டது. பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்." நீ அச்சிட்டிருப்பது இது: "இங்குள்ள மக்களைப் போலவே தாழ்மையுடன் தரையில் அமர்ந்து உண்ணப் பழகிவிட்டோம்." அக்கா, எனக்குத் தாழ்மை கிடையாது. எனக்கு மேஜைதான் கிடையாது.

இதையும் அச்சிடேன். காலையில் கதவைத் திறந்தால் இருட்டும்வரை சாத்த முடிவதில்லை. ஊர்ப் பெண்கள் வந்து சுவரோரம் உட்கார்ந்துவிடுகிறார்கள். எதுவும் கேட்பதில்லை. நான் ரொட்டி பிசைவதைப் பார்க்கிறார்கள், தலை வாருவதைப் பார்க்கிறார்கள். ஹல்வாரிடம் சொன்னால், "பொறுமையா இரு ஆஸ்த்ரி, நம்மைப் புரிஞ்சுக்கத்தானே வர்றாங்க" என்கிறார். அவர் பிரசங்கம் எழுதுகிற அறைக்குக் கதவும் தாழ்ப்பாளும் இருக்கின்றன.

சமையலுக்கு வருகிறவள் ஃபாலியின் அம்மா. இங்கே பிள்ளை பெற்றவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நான் ஈடுன் அம்மா. அவள் என் வீட்டை நடத்துகிற விதத்தைப் பார்த்தால் யார் யாரிடம் வேலை செய்கிறோம் என்று எனக்கே சந்தேகம் வருகிறது. நேற்று யோனைத் தூங்கவைத்துவிட்டு வந்தேன்.

"சின்னவன் எங்க?"

"அவன் அறையில தூங்கறான்."

"கூட யாரு?"

"யாரும் இல்ல."

அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டு வயசுப் பிள்ளை. அவன் அப்படி என்ன தப்பு பண்ணினான்?"

சுவரோரம் இருந்த ஏழு பேரும் எழுந்து போய்க் கதவிடுக்கு வழியாக யோனை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். துக்கம் விசாரிக்கிற முகங்கள்.

மற்றபடி விசேஷம் இல்லை. ஈடுனுக்கு ஜூலையில் ஏழு முடிகிறது. ஆகஸ்டில் மலைப் பள்ளியில் சேர்த்துவிட வேண்டும் என்று மிஷன் கமிட்டியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது.

உன் அன்புத் தங்கை,
ஆஸ்த்ரி


ஓஸ்விக்
20 ஏப்ரல் 1956

அன்புள்ள ஆஸ்த்ரி,

உன் கடிதமும் அதிலிருந்த சூடும் கிடைத்தன. முழங்கால் இருக்கிறது, மடங்குவதில்லை. பனி உருகிவிட்டது, தெருவெல்லாம் சேறு. ஹல்வாருக்கும் பிள்ளைகளுக்கும் என் வாழ்த்தைச் சொல்.

உன் கடிதத்தை நான் திருத்துகிறேன் என்பது உண்மை. திருத்தாமல் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? சங்கத்தில் நாற்பத்தொரு பெண்கள் இருக்கிறார்கள். மீன் உப்பிட்டு, கால் கடுத்து வீட்டுக்கு வந்து, ஒரு கோப்பைக் காப்பியோடு உன் கடிதத்தைப் படிக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கரையான் கதை சொல்லச் சொல்கிறாயா? அவர்கள் வீட்டு மேஜையும் ஆடுகிறது, அவர்கள் யாருக்கும் எழுதுவதில்லை. அவர்களுக்கு வேண்டியது வேறு.

நான் பகல் முழுக்கத் தொலைபேசி நிலையத்தில் உட்கார்ந்து இந்த ஊரின் பேச்சையெல்லாம் இணைத்துவிடுகிறவள். மக்கள் எதைக் கேட்க விரும்புகிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

கம்பளிக் கையுறைகள் அனுப்பியிருக்கிறோம். அறுபத்து நான்கு ஜோடி. எல்லாம் கையால் பின்னியவை. முகத்தைச் சுளிக்காதே, உன் சுளிப்பு இங்கேயே தெரிகிறது.

ஈடுனைப் பற்றிக் கடைசியில் இரண்டே வரி எழுதியிருக்கிறாய். மலைப் பள்ளி நல்ல பள்ளி என்றுதான் கேள்வி. பியானோ இருக்கிறதாம். கமிட்டித் தலைவர் லுண்டெ ஐயாவின் நான்கு பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தார்கள். பிள்ளைகள் பழகிவிடும்.

அம்மாவின் அறையை ஒருவழியாக ஒழித்துவிட்டேன். இரண்டு வருஷமாகச் சும்மா கிடக்கிறது. சுவருக்குப் புதுக் காகிதம் ஒட்டலாமா என்று யோசிக்கிறேன்.

ஜெபத்தில் உங்களை நினைக்கும்
அக்கா தோர்டிஸ்


அங்கிலி
17 ஜூன் 1956

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோருக்கும் சுகம். யோனுக்கு மட்டும் சளி. உன் முழங்காலுக்கு யூகலிப்டஸ் தைலம் ஒரு புட்டி அனுப்புகிறேன், லாரிக்காரன் உடைக்காமல் இருந்தால்.

கையுறைகள் வந்துவிட்டன. முகம் சுளித்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே ஜூன்தான் குளிர்காலம், விடியற்காலையில் மாடு ஓட்டுகிறவர்களுக்கு விரல் விறைத்துப்போகிறது. ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும் கொடுத்தோம். ஊர்த் தலைவர் மூன்று ஜோடி எடுத்துக்கொண்டார், ஒன்றைக் காலில் மாட்டிக்கொண்டார். அன்றைக்கு ஆலயத்தில் நிற்க இடமில்லை. அதற்கடுத்த ஞாயிறு நாங்களும் உபதேசியாரும் ஃபாலியின் அம்மாவும் மட்டும் இருந்தோம். நீ முதல் ஞாயிற்றைத்தான் அச்சிடுவாய் என்று எனக்குத் தெரியும்.

அந்த முதல் ஞாயிறு ஹல்வார் நல்ல மேய்ப்பரைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். இரண்டு வாரமாகத் தயாரித்தது. முடிந்ததும் தலைவர் எழுந்தார்.

"ஐயா, உங்க கர்த்தர் கெட்டிக்கார மேய்ப்பர்னு சொன்னீங்க. சந்தோஷம். இதுவரைக்கும் எத்தனை மாடு ஓட்டிட்டு வந்திருக்காரு?"

"எங்கிருந்து?"

"அடுத்தவன் பட்டியிலிருந்துதான். அப்படி நாலு மாடு ஓட்டிட்டு வராதவனுக்கு இங்க பொண்ணே கொடுக்க மாட்டாங்க. அவனைப் போய்க் கெட்டிக்காரன்னு யாரு சொல்லுவா?"

நான் பாட்டுப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டேன். ஈடுன் மூடவில்லை. சிரித்துச் சிரித்துப் பெஞ்சிலிருந்து விழுந்தாள். அவளுக்கு இந்த ஊர்ப் பேச்சு முழுவதும் புரிகிறது. ஹல்வாருக்குப் பாதி, எனக்குக் கால். ஃபாலியோடு நாள் முழுக்க ஆற்றங்கரையில் திரிகிறாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் உள்ளூர் மொழியில் பதில் சொல்லிவிட்டு ஓடுகிறாள். என்ன சொன்னாள் என்று ஃபாலியின் அம்மாவைக் கேட்க வேண்டியிருக்கிறது. "உனக்குச் சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல" என்கிறாள் அவள்.

பள்ளியிலிருந்து பட்டியல் வந்திருக்கிறது. ஒவ்வொரு துணியிலும் எண் தைக்க வேண்டும். ஈடுனின் எண் இருபத்து மூன்று. இதுவரை முப்பத்தோரு துணி ஆகியிருக்கிறது. இன்னும் காலுறைகள் பாக்கி.

கூரை ஒழுகுகிறது. ஹல்வார் ஆலயத்துக் கூரையை முதலில் பார்க்கிறாராம்.

அன்புடன்
ஆஸ்த்ரி


அங்கிலி
25 ஆகஸ்ட் 1956

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாயிருக்கிறோம், நீயும் சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். ஜூலையில் உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபால் பையில் பாதி ஆற்றில் போயிற்று என்று லாரிக்காரன் சொன்னான். அவன் சொல்வதை நம்பலாமா என்று தெரியவில்லை.

ஈடுன் பத்தாம் தேதி புறப்பட்டாள். ஹல்வார் கூடப் போய் விட்டுவிட்டு வந்தார்.

அதற்கடுத்த நாள் நடந்ததுதான் எனக்குத் தாளவில்லை. காலையில் கதவைத் திறக்கிறேன், வெளியே முப்பது பெண்கள். எல்லோருக்கும் பின்னல் அவிழ்ந்து தலைமுடி தோளில் கிடக்கிறது. ஒருத்தியும் வணக்கம் சொல்லவில்லை. உள்ளே வந்து தரையில் நெருக்கி உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியாக ஃபாலியின் அம்மா வந்தாள், அவள் தலையும் விரிந்திருந்தது.

"யாராவது செத்துப் போயிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"நீதான் சொல்லணும்."

"இங்க யாரும் சாகல. எழுந்து போகச் சொல்லு, எனக்கு வேலை இருக்கு."

"பிள்ளை எங்க?"

"பள்ளிக்கூடத்துல. உனக்குத்தான் தெரியுமே. நீதானே பெட்டி கட்ட உதவி பண்ணின?"

"பெட்டி கட்டச் சொன்ன, கட்டினேன். எப்ப வருவா?"

"கிறிஸ்துமஸுக்கு."

"அது மழைக்காலம். லாரி ஓடாது."

"அப்படின்னா ஈஸ்டருக்கு."

அவள் திரும்பி மற்றவர்களிடம் ஏதோ சொன்னாள். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் சத்தம் போட்டேன் அக்கா. ஏழு வயதானால் எல்லாரும் அனுப்புகிறார்கள், இது விதி, அவளுக்கு அங்கே பியானோ இருக்கிறது என்றெல்லாம் எனக்குத் தெரிந்த கால் மொழியில் கத்தினேன். ஒருத்தியும் அசையவில்லை. ஒரு கிழவி என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். விடுவித்துக்கொண்டு எழுந்தேன். மறுபடியும் இழுத்தாள். சாயங்காலம்வரை இருந்தார்கள். அடுப்பு மூட்டவில்லை. அவர்களே வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்து எனக்கும் யோனுக்கும் கொடுத்தார்கள்.

உயிரோடு இருக்கிற பிள்ளைக்குத் துக்கம் கொண்டாடுகிற ஊரில் மனிதர் குடியிருக்க முடியுமா? ஹல்வார் திரும்பி வந்ததும் சொன்னேன். அவர் பொறுமையாக இரு என்று சொல்லவில்லை. ஏணியை எடுத்துக்கொண்டு வீட்டுக் கூரையைச் சரிசெய்யப் போனார்.

கரையான் இப்போது புத்தக அலமாரிக்கு வந்துவிட்டது.

ஆஸ்த்ரி


ஓஸ்விக்
30 செப்டம்பர் 1956

அன்புள்ள ஆஸ்த்ரி,

முழங்காலுக்குத் தைலம் வந்தது, பாதிப் புட்டி. மீதியை லாரிக்காரன் தேய்த்துக்கொண்டான் போலிருக்கிறது. நலமாக இருக்கிறேன்.

இந்த இதழில் உன் கடிதத்தைப் போட்டாயிற்று. கோபித்துக்கொள்ளாதே. "மகள் கல்வி பயிலப் புறப்பட்ட மறுநாள், ஊர்ப் பெண்கள் முப்பது பேர் திரண்டு வந்து எங்களோடு அமர்ந்து, உணவு கொடுத்து மகிழ்ந்தார்கள்" என்று போட்டிருக்கிறேன். இதில் மகிழ்ந்தார்கள் என்பதைத் தவிர மற்றதெல்லாம் உண்மைதானே. சங்கத்து ஸொல்பியோர்க் அம்மாள் படித்துவிட்டு அழுதாள்.

ஈடுன் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். என்ன அழகான கையெழுத்து. "நான் சுகமாயிருக்கிறேன். உணவு நன்றாயிருக்கிறது. வானிலை நன்றாயிருக்கிறது. எல்லோரும் எங்களிடம் அன்பாயிருக்கிறார்கள்." பார், பழகிவிட்டாள். நான் சொன்னேன் இல்லையா?

அம்மாவின் அறைக்கு மஞ்சள் காகிதம் ஒட்டிவிட்டேன். சின்னச் சின்னப் பூ. சன்னலிலிருந்து துறைமுகம் முழுக்கத் தெரிகிறது. இந்த அறையில் ஒரு பிள்ளை இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று தபால்காரர் கூடச் சொன்னார்.

அவள் நன்றாகத் தூங்குகிறாளா என்று உனக்குத் தெரியுமா? சும்மாதான் கேட்கிறேன்.

அன்புடன்
தோர்டிஸ்


அங்கிலி
11 நவம்பர் 1956

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம்.

ஈடுன் உனக்கு எழுதிய அதே நான்கு வரிகள்தான் எனக்கும் வாரந்தோறும் வருகின்றன. ஒரு சொல் மாறுவதில்லை. கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பிள்ளைகளைப் பார்த்து எழுதச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். அக்டோபர் பதினான்காம் தேதியிட்ட கடிதத்தில் "வானிலை நன்றாயிருக்கிறது" என்று இருக்கிறது. அதே பதினான்காம் தேதி ஆலங்கட்டி மழை பெய்து பள்ளியின் சன்னல் கண்ணாடியெல்லாம் உடைந்துவிட்டது என்று லுண்டெ ஐயாவின் சுற்றறிக்கை சொல்கிறது.

போன செவ்வாய்க்கிழமை பள்ளி விடுதி மேட்ரனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஈடுன் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளாம், சொன்னதைச் செய்கிறாளாம். ஆனால் செப்டம்பரிலிருந்து பேசுவதில்லையாம். சமையலறை ஆட்களோடு உள்ளூர் மொழியில் பேசிக்கொண்டிருந்தாளாம். அது பள்ளியில் கூடாது என்று சொன்னார்களாம். அன்றிலிருந்து எந்த மொழியிலும் பேசுவதில்லையாம். படுக்கையும் நனைகிறதாம். செப்டம்பரில் தொடங்கியதை எனக்கு நவம்பரில் எழுதுகிறார்கள்.

அதோடு லுண்டெ ஐயாவும் ஒரு தாள் வைத்திருந்தார். அதில் உள்ளதை அப்படியே கீழே எழுதுகிறேன், ஒரு சொல்லும் திருத்தவில்லை.

"இக்குழந்தைக்கு இத்தேசம் ஒத்துக்கொள்ளவில்லை. மார்ச் மாதம் தாய்நாடு திரும்பும் செவிலியுடன் இவளை அனுப்பிவைக்கலாம் என்பது கமிட்டியின் எண்ணம். அங்கே நெருங்கிய உறவினர் ஒருவர் இவளை ஏற்று வளர்க்க முன்வந்து, மிஷன் தலைமைக்கு ஏற்கெனவே எழுதியிருப்பதாக அறிகிறோம்."

அக்கா, அந்த நெருங்கிய உறவினர் யார்?

ஆஸ்த்ரி


ஓஸ்விக்
9 டிசம்பர் 1956

அன்புள்ள ஆஸ்த்ரி,

எல்லோரும் சுகமா என்று கேட்கவே கை கூசுகிறது. கேட்கிறேன். ஈடுன் எப்படி இருக்கிறாள்?

அது நான்தான். என்னை யாரும் கேட்கவில்லை. செப்டம்பர் முதல் வாரம் நானாக உட்கார்ந்து மிஷன் தலைமைக்கு எழுதினேன். உன் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது அது உறையில் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. உன்னிடம் சொல்லாமல் மஞ்சள் காகிதத்தைப் பற்றி எழுதினேன்.

காரணம் சொல்கிறேன். நல்ல காரணம் என்று சொல்லவில்லை. அம்மா போனபிறகு இந்த வீட்டில் என் குரலை நானே கேட்பதில்லை. பகலெல்லாம் "இணைக்கிறேன், பேசுங்கள்" என்று மற்றவர்களைப் பேசவைக்கிறேன், மாலையில் கதவைத் திறந்தால் பூனை கூட இல்லை. ஈடுனின் படத்தைக் கணப்பின் மேல் வைத்திருக்கிறேன். அவள் வந்தால் பள்ளிக்கு எந்த வழியில் கூட்டிப்போவது என்றுவரை நடந்து பார்த்துவிட்டேன்.

இன்னொரு காரணம் நீ. கோபப்படு, பரவாயில்லை. கரையானுக்கு இரண்டு பக்கம் எழுதுகிறாய், கூரைக்கு ஒரு பக்கம், கையுறைக்கு ஒரு பக்கம். பிள்ளைக்கு ஒரு வரி. "ஈடுனின் எண் இருபத்து மூன்று." அவ்வளவுதான். அனுப்புவது வேண்டாம் என்று நீ ஒரு தடவையாவது எழுதினாயா? என் தங்கைக்கு அந்தப் பிள்ளை பாரம் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். உன் பெரிய கடிதங்களையெல்லாம் சிறியதாக்கித்தான் எனக்குப் பழக்கம். சிறிய வரியைப் பெரியதாக்கிப் படிக்கத் தெரியவில்லை.

அவள் பேசாமல் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

நீ என்ன செய்யச் சொல்கிறாயோ அதைச் செய்கிறேன். உடனே எழுது.

தோர்டிஸ்


ஓஸ்விக்
20 ஜனவரி 1957

ஆஸ்த்ரி,

கிறிஸ்துமஸ் போயிற்று, புதுவருஷமும் போயிற்று, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மழையால் தபால் வரவில்லையா, நீ எழுதவில்லையா என்று தெரிந்தால் போதும். தபால்காரர் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கத்து நடைபாதைக்குப் போய்விடுகிறார்.

அறை இல்லை, என் கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்று தலைமைக்கு எழுதிவிட்டேன். "இது கமிட்டியின் முடிவு, உங்கள் விருப்பம் அல்ல" என்று பதில் வந்திருக்கிறது. என் விருப்பத்தின் பேரில்தானே தொடங்கினார்கள் என்று தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். நல்ல மரியாதையோடு பேசினார்கள். பேசிமுடித்தபோது எனக்குச் செருப்பைக் கழற்றி எறியலாம் போலிருந்தது.

ஜனவரி இதழில் உன் கடிதம் இல்லை. நாற்பத்தொரு பேரும் ஏன் என்று கேட்டார்கள். கூட்டத்தில் எழுந்து நடந்ததைச் சொன்னேன், என் பங்கையும் சேர்த்துத்தான். ஸொல்பியோர்க் அம்மாள் இந்த முறை அழவில்லை.

திட்டியாவது எழுது.

தோர்டிஸ்


அங்கிலி
6 பிப்ரவரி 1957

அன்புள்ள அக்காவுக்கு,

டிசம்பர் கடிதம் ஜனவரி பதினாறாம் தேதிதான் தோணியில் கைக்கு வந்தது. அதுவரை ஆறு கரைபுரண்டு ஓடியது. லாரி இல்லை, தபால் இல்லை. தெற்குப் பகுதிப் பிள்ளைகளைக் கிறிஸ்துமஸுக்குப் பள்ளியிலேயே வைத்துக்கொண்டார்கள். கடிதத்தைப் படித்துவிட்டு உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதக்கூடாத சொற்களாக வந்தன. கிழித்துப் போட்டேன்.

ஆனால் நீ சொன்னதில் ஒன்று சரி. ஒரு வரிதான் எழுதினேன். இரண்டாவது வரி எழுதினால் அதற்குமேல் நிறுத்த முடியாது என்று எனக்குத் தெரியும். ஹல்வாரிடமும் அப்படியே இருந்துவிட்டேன். அவர் ஊழியத்துக்கு நான் முட்டுக்கட்டை போடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எண் தைத்தேன்.

பத்தொன்பதாம் தேதி லாரி கடக்கும் அளவுக்கு ஆறு வடிந்தது. தோல் ஏற்றுகிற லாரி வடக்கே போவதாகச் செய்தி வந்தது. நான் மேலங்கியை எடுத்துக்கொண்டு, "போய்ப் பிள்ளையைக் கூட்டிட்டு வர்றேன்" என்று ஹல்வாரிடம் சொன்னேன். பொறுமையாக இரு என்று சொன்னால் என்ன செய்வது என்று தயாராகத்தான் இருந்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். லுண்டெ ஐயாவுக்கு எழுதியது. பிள்ளையைத் திரும்ப அழைத்துக்கொள்கிறோம், அதனால் என் மேல் எடுக்கும் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன் என்று இருந்தது. தேதியைப் பார்த்தால் டிசம்பர் இருபத்தெட்டு.

"மூணு வாரமா இதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணினீங்க?"

"நீ விதியை மீறமாட்டன்னு நினைச்சேன். நீதானே ஊர்ப் பெண்கள்கிட்ட அப்படிக் கத்தின?"

நாங்கள் இரண்டு பேரும் எப்படிப்பட்ட முட்டாள்கள் என்று பார்த்துக்கொள். அங்கேயே நின்று சண்டை போட நேரமில்லை, லாரி கிளம்பிவிட்டது. யோனை அவரிடம் கொடுத்துவிட்டு ஏறினேன். தோல் மூட்டைகளின் மேல் ஃபாலியின் அம்மா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

"நீ எதுக்கு?"

"உனக்குப் பேசத் தெரியாது. வழியில மாட்டிக்குவ." பிறகு சொன்னாள்: "அவ எனக்கும் பிள்ளைதான்."

இரண்டு நாள் தோல் நாற்றத்தில் போய்ச் சேர்ந்தோம். லுண்டெ ஐயா என்னை அலுவலகத்தில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். கெட்டவர் இல்லை அக்கா, அதுதான் எனக்குப் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"முப்பது வருஷமா எல்லாரும் செய்யறதுதான் சகோதரி. நாங்களும் நாலு பேரை அனுப்பினோம். அழுதுகிட்டேதான் அனுப்பினோம்."

"அவங்க இப்ப உங்களுக்கு எழுதறாங்களா ஐயா?"

கோப்பையைத் தட்டில் வைத்தார். "மூத்தவ கிறிஸ்துமஸுக்கு அட்டை போடுவா" என்றார்.

அதற்குமேல் அவர் தடுக்கவில்லை. இதைத் தலைமைக்கு எழுதியாக வேண்டும், ஹல்வாரின் இடம் போகக்கூடும் என்று மட்டும் சொன்னார். எழுதுங்கள் என்றேன்.

ஈடுனைக் கூட்டிவந்தார்கள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள். வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நான் முட்டிபோட்டுக் கையை நீட்டினேன். அவள் என்னைச் சுற்றிக்கொண்டு போய், வெளியே நின்ற ஃபாலியின் அம்மாவின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. எழுதுவதற்கே வெட்கமாயிருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். திருத்தாதே.

வீட்டுக்கு வந்து ஒரு வாரத்துக்கும் மேல் ஆகிறது. ஃபாலியோடு பேசுகிறாள், ஃபாலியின் அம்மாவோடு பேசுகிறாள், யோனின் காதில் ஏதோ சொல்கிறாள். என்னோடும் ஹல்வாரோடும் ஒரு சொல் கிடையாது.

உன் மேல் எனக்கிருக்கும் கோபம் சீக்கிரம் போகாது. சொல்லிவைக்கிறேன்.

ஆஸ்த்ரி


அங்கிலி
10 மார்ச் 1957

அன்புள்ள தோர்டிஸ் அக்காவுக்கு,

உன் ஜனவரிக் கடிதம் கிடைத்தது. கூட்டத்தில் எழுந்து சொன்னாய் என்று படித்தபோது உன் முழங்காலோடு எப்படி எழுந்தாய் என்றுதான் முதலில் நினைத்தேன். நாங்கள் நால்வரும் சுகம். இந்த நால்வர் என்ற சொல்லை எழுதி எத்தனை நாளாயிற்று.

தலைமை ஜூன் மாதம் கூடித்தான் முடிவு செய்யுமாம். அதுவரை ஹல்வார் இங்கே இருக்கலாம். திரும்பி வரச் சொன்னால் நால்வரும் ஒரே கப்பலில் வருவோம். இருக்கச் சொன்னால் நானே வீட்டில் பாடம் சொல்லிக்கொடுப்பேன். ஹல்வார் இப்போதெல்லாம் பொறுமையைப் பற்றிப் பேசுவதில்லை. நேற்றுக் கோழிக்கூட்டில் சுத்தியலைக் கையில் போட்டுக்கொண்டு அவர் சொன்ன சொல்லை உனக்கு எழுத முடியாது.

போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

யோனுக்கு அன்று அவனுடைய பழைய சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், கை நீளம் போதவில்லை. "எவ்வளவு வளந்துட்டடா, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி" என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்தது, சொன்னேன். மூலையில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த ஈடுன் எழுந்து வந்து எனக்கும் யோனுக்கும் நடுவில் நின்றாள். ஏழு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசினாள். நம் மொழியில் இல்லை, இந்த ஊர் மொழியில்.

"இவனையும் அனுப்புவியா?"

அவள் பேசின மொழியிலேயே பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தெரிந்ததைக் கூட்டிச் சேர்த்துச் சொன்னேன்.

அவள் முகம் கடுத்துப்போயிற்று. "பொய். நீ அனுப்பின."

எனக்குப் புரியவில்லை. மறுபடியும் அதையே சொன்னேன்.

"பொய் சொல்லாத. அனுப்பின. என்னை லாரியில ஏத்தி அனுப்பின."

ஃபாலியின் அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "உங்கம்மாவுக்கு முதல் எழுத்து தப்பா வருது, பாப்பா. நீயே பாரு, எதைச் சொல்ல வர்றான்னு."

இந்த மொழியில் நடந்ததற்கும் நடக்கப்போவதற்கும் வினையின் முதல் எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். அனுப்ப மாட்டேன் என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, அனுப்பவில்லை, அனுப்பவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அனுப்பினதும் உண்மை, அவள் கோபமும் உண்மை.

ஈடுன் என் வாயை உற்றுப் பார்த்தாள். அப்புறம் உச்சுக்கொட்டினாள், இங்குள்ள பெண்கள் மந்தமானவர்களைக் கண்டால் செய்கிற மாதிரி.

"அப்படிச் சொல்லக் கூடாது. இப்படிச் சொல்லணும். அனுப்ப மாட்டேன்."

"அனுப்ப மாட்டேன்."

"முதல் எழுத்து இன்னும் சரியில்ல. மூச்சு விட்டுச் சொல்லு."

"அனுப்ப மாட்டேன்."

"இவனையும்."

"இவனையும் அனுப்ப மாட்டேன்."

"என்னையும்."

"உன்னையும் அனுப்ப மாட்டேன்."

"இன்னொரு தடவை."

ஐந்து தடவை சொல்லவைத்தாள். அப்புறம்தான் அவரைக்காய்க் கூடையை இழுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாதியை என் மடியில் கொட்டினாள்.

உன் சுகத்தை எழுது.

உன் தங்கை,
ஆஸ்த்ரி